பன்னிரண்டாயிரம் உறக்கங்கள்

தாமரைக்கேணியில் பன்னிரண்டாயிரம் பேர் உறங்கலாம். பன்னிரண்டாயிரத்து ஓராவது ஆள் அங்கே உறங்குதல் குற்றம்.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும் இச்சட்டம் வேடிக்கைக்காக எழுதப்பட்டதன்று. மாநகரத்தின் கிணறுகள் ஒரே கோடையில் வற்றிப்போன ஆண்டில், அங்கிருந்து வெளியேறியவர்கள் ஓர் ஏரியைச் சுற்றி இப்புறநகரை அமைத்தார்கள். அந்த ஏரி எத்தனை பேருக்குத் தாங்கும் என்று கணக்கிட்டார்கள். கணக்கை மீறிய ஊர்களின் கதியைக் கண்ணால் கண்டவர்களாதலால், அந்தத் தொகையையே சட்டமாக்கிவிட்டார்கள். பகலில் ஓர் ஊரை எண்ணுதல் அரிது. வருவாரும் போவாருமாகத் தொகை அலைந்துகொண்டே இருக்கும். உறங்கும்போதுதான் மனிதன் ஓரிடத்தில் கிடக்கிறான். ஆகவே அவர்கள் உறக்கத்தை எண்ணினார்கள். ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் பதித்த சிறு கருவி, ஊர் அடங்கியபின் மூச்சுகளை எண்ணிக்கொள்ளும். விடிந்ததும் ஊர்வாயிற் பலகையில் தொகை ஒளிரும். பிறப்புக்கும் இறப்புக்கும் திருமணத்துக்கும் தக்கபடி அது பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் ஏறும், இறங்கும். பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியதில்லை.

அஞ்சுகம் ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பலகையைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பலகையில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. பகல் முழுவதும் அவ்வூரில் இருந்தாலும், உறங்குவது அங்கே இல்லையே.

அவள் வேலை தண்ணீரைச் சுவைத்துப் பார்ப்பது. ஏரி மதகிலிருந்து குழாய்களுக்குத் தண்ணீர் திறக்குமுன் ஒரு மனித நாக்கு அதைச் சுவைத்தாக வேண்டும் என்பது அவ்வூர் விதி. ஒருமுறை கருவிகள் நல்ல தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடலின் உப்பு அடியில் ஊறி வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த விதி இது. ஊரார் அவளைத் 'தண்ணி பாக்கற அம்மா' என்பார்கள். காலை ஆறு மணிக்கு ஒரு திறப்பு, மாலை ஆறு மணிக்கு ஒரு திறப்பு. இரண்டுக்கும் இடையில் பன்னிரண்டு மணி நேரம் மதகோரத்துக் கொட்டகையில் அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குப் போய் வரலாமே என்றால், அவள் வீடு கழிமுகத்தை ஒட்டிய ஆலங்கழியில் இருந்தது. ஷேர் ஆட்டோ, ரயில், பிறகு ஊர் வேன் என்று ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இதனால் அஞ்சுகத்துக்குத் தன் மகளைத் தூங்கும் பிள்ளையாகத்தான் பெரும்பாலும் தெரியும்.

செம்பருத்திக்கு ஆறரை வயது. தெருவில் எல்லாருக்கும் அவள் பருத்தி. விடியற்காலை மூன்றரை மணிக்கு அஞ்சுகம் கிளம்பும்போது அவள் உறங்கிக்கொண்டிருப்பாள். இரவு ஒன்பதுக்குச் சற்று முன் திரும்பும்போதும் உறங்கிக்கொண்டிருப்பாள். படகு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கணவன் முனிரத்தினம் எட்டு மணிக்குள் சோறூட்டிப் படுக்க வைத்துவிடுவான். தூக்கத்தில் அவள் எந்தப் பக்கம் புரளுவாள், எப்போது பல்லைக் கடிப்பாள், மூக்கடைத்தால் மூச்சு எப்படி மாறும் என்பதெல்லாம் தாய்க்கு மனப்பாடம். ஆனால் அவள் பள்ளியில் யாரோடு சண்டை போடுகிறாள், எந்தக் காய்க்கு முகம் சுளிக்கிறாள் என்று யாரேனும் கேட்டால் முனிரத்தினத்தைத்தான் பார்ப்பாள். ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை; அன்று மதகில் மாற்றாள் இருப்பார். அன்றைக்கு விழித்திருக்கும் மகளைப் பார்க்கையில், வேறு யாருடைய பிள்ளையோ வீட்டுக்கு வந்திருப்பது போல ஒரு கூச்சம் அவளுக்கு ஏற்படும்.

அவளைப் போல வெளியிலிருந்து வந்து உழைப்பவர் இருநூறு குடும்பத்தார். கழிவுநீர் நிலையத்தார், செவிலியர், பள்ளிச் சமையலர், தெருத் துப்புரவாளர் என்று பலவகையினர். ஏரிக்கு வடக்கே கிடக்கும் முள்வெளியில் தங்களுக்கு அறுநூறு படுக்கைகளுக்கு இடம் வேண்டும், எல்லையைப் பன்னிரண்டாயிரத்து அறுநூறாக உயர்த்த வேண்டும் என்று அவர்கள் மனுக் கொடுத்தார்கள். அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு, ஊராருள் குடவோலையில் தேர்ந்த எழுவரிடம் வந்தது.

அவர்கள் மனுவைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. துயிற்கூடத்தில் படுத்துக் கனவு கண்டபின்தான் சொல்ல வேண்டும். மூன்று பிற்பகல்களில் மூன்று கனவுகள். ஒன்று ஊர்க்காரர் ஒருவருடைய நாள். ஒன்று மனுதாரர் ஒருவருடைய நாள். மூன்றாவது, ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த ஏரிக்கு வரப்போகும் ஒரு நாள். மனுதாரர் சார்பில் சீட்டுக் குலுக்கியபோது வந்த பெயர் அஞ்சுகம்.

திட்ட அலுவலகத்திலிருந்து நூருன்னிசா என்ற இளம் அலுவலர் ஆலங்கழிக்கே வந்து விளக்கினாள். அவள் கையில் விரலகலத்தில் ஒரு நெற்றிப்பட்டை இருந்தது.

"நீங்க பாக்கறது, கேக்கறது, மோந்து பாக்கறது, நாக்குல படறது, கையில படறது எல்லாம் இதுல பதிவாகும் அக்கா. எழுவரும் ஒரு மணி நேரம் தூங்குவாங்க. அதுக்குள்ள உங்க நாள் முழுசும் அவங்களுக்குக் கனவா வந்துரும். நீங்களாவே இருந்து பாப்பாங்க."

"நான் மனசுல நெனைக்கறதும் தெரியுமாம்மா?"

"தெரியாது. நினைப்பு அவங்கவங்க சொத்து. அதை எடுக்கச் சட்டமே கிடையாது."

அஞ்சுகத்துக்கு அது பெரிய ஆறுதலாயிருந்தது. எந்த நாளைக் கொடுப்பது என்று கேட்டாள். எந்த நாளை வேண்டுமானாலும் தரலாம், அதைப் பற்றி மட்டும் தான் யோசனை சொல்லக் கூடாது என்று நூருன்னிசா சொன்னாள். சொல்லிவிட்டு ஏதோ சொல்ல வந்தவள்போல் சற்று நின்றாள். பிறகு பட்டையை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாள்.

யோசனை சொல்லத் தெருவில் ஆளுக்கா பஞ்சம்? அடுத்த வீட்டு டெய்சி, அஞ்சுகத்தைவிடப் பத்து வயது மூத்தவள், கேட்ட மாத்திரத்தில் முடிவு செய்துவிட்டாள்.

"ஏழு பேரு ஊட்டுக்கு வராங்க. அதுவும் உன் கண்ணுக்குள்ளாற குந்திகினு வராங்க. தூங்கி வழியற மூஞ்சியோட ரயில்ல தொங்கறதையா காட்டுவ? ஞாயித்துக்கெழமய குடு. என் பச்ச சீல இருக்குது, கட்டிக்க."

"ஏழு பேருக்கும் சேத்து மீனு வாங்கணும்னா எத்தினி கிலோ ஆவும்?" என்றான் முனிரத்தினம்.

"அவங்க துன்னப்போறது உன் பொண்டாட்டி நாக்கால. ஒரு ஆளு பங்கே போதும்டா, கஞ்சப்பயலே."

அவர்கள் மனுதாரர்கள்தாம். தங்கள் கஷ்டத்தைச் சொல்லி இடம் கேட்பவர்கள்தாம். ஆயினும், வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்று கேட்டவுடன் கஷ்டத்தை மறைப்பதுதானே நம்மவர் முறை? வந்தவர் முன் இல்லை என்று சொல்லக் கூடாது. சட்டியில் சோறு குறைவாயிருந்தால் எனக்குப் பசியில்லை என்று சொல்ல வேண்டும். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. மூச்சு விடுவதைச் சொல்லித் தருகிறார்களா என்ன?

ஆலங்கழியே சேர்ந்து அந்த ஞாயிற்றைச் சோடித்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எதிர் வீட்டு மின்விசிறி வந்தது. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் நேரம் அது என்பதால், முனிரத்தினம் குடங்களை எடுத்துக்கொண்டு பின்வழியாகப் போனான். பருத்திக்கும் விவரம் சொல்லப்பட்டிருந்தது. ஏழு விருந்தாளிகள் அம்மாவின் கண்ணுக்குள் இருக்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சிறிதும் ஐயம் எழவில்லை. தாய் தலைவாரும்போது இரண்டு முறை திரும்பி அண்ணாந்து, அவள் கண்களைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

அஞ்சுகம் அன்று முழுவதும் தன் பார்வையை, விருந்தினரைக் கைப்பிடித்து அழைத்துப் போவது போலவே நடத்தினாள். தகரம் ஒழுகும் மூலைப் பக்கம் திரும்பவில்லை. கழிமுகத்தில் வெயில் வெள்ளித் தகடாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். நாரைகள் ஒற்றைக் காலில் நின்று தத்தம் நிழலோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தன. வஞ்சிரக் குழம்பைச் சோற்றில் பிசைந்து முதல் வாயை மெதுவாக, ஏழு பேருக்கும் போய்ச் சேரட்டும் என்று மென்றாள். பிற்பகலில் மகளைக் காலின்மேல் போட்டுக்கொண்டு படகின் நிழலில் சாய்ந்தாள். காற்று வந்து இருவரையும் தொட்டுவிட்டுப் போயிற்று. உலகத்தில் எதற்கும் அவசரமில்லை என்று தோன்றியது.

எழுவர் கூடித் தங்கள் கருத்தைச் சொல்லும் நாளன்று, மனுதாரர் என்ற முறையில் அஞ்சுகமும் மன்றத்தில் உட்கார்ந்திருந்தாள். டெய்சியின் பச்சைச் சேலைதான்.

முதலில் மரகதவல்லி என்ற அம்மையார் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ரெண்டு பேரும் கடல் தாண்டிப் போயிட்டாங்க. ஒரு குழந்தை தலையில சீப்பு வைச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? அன்னிக்குத்தான் வைச்சேன். அந்தக் காத்தும் அந்தத் தண்ணியும், அந்தக் குழம்பும்... எந்திரிச்சப்ப எனக்கு அழுகை வந்துருச்சு. இப்படி ஒரு இடத்தை விட்டுட்டு இந்த அடுக்குவீட்டுக்குள்ள வந்து அடைபடணும்னு கேக்கறியேம்மா. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

அன்பினால் அவர் மறுத்தார். அவருக்குப் பின் எழுந்த மூவரும் ஏறத்தாழ அதையே சொன்னார்கள். ஒருவர், ஆலங்கழியில் மனை வாங்கலாமா என்று பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்ததும் அஞ்சுகத்தின் காதில் விழுந்தது. இருவர் மட்டும், இத்தனை நல்ல மனிதர்கள் நம்மோடு இருந்தால் என்ன குறை என்று ஆதரித்தார்கள்.

கடைசியில் பேசியவர் காளத்தியப்பன். எண்பதை நெருங்கியவர். ஏரியின் கணக்கை முதன்முதலில் போட்ட பொறியாளர் அவரே. அஞ்சுகத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத்தான் தொடங்கினார். மூன்றாவது கனவைப் பற்றி அவர் சொன்னார். அந்தக் கனவில் மனிதர் எவரும் இல்லையாம். தாமே ஏரியாகி, வானத்தைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடப்பதும், கரைகள் மெல்ல மெல்ல உள்ளே நெருங்கி வருவதும்தான் கனவாம். வலி இல்லை, பயம் இல்லை. சுருங்கிக்கொண்டே போவது மட்டும் தெரிந்ததாம்.

"ஏரிக்கு யார்மேலயும் வெறுப்புக் கிடையாதும்மா. அதுக்கு எண்ண மட்டும்தான் தெரியும். கிணறு வத்தின வருஷம் எங்க தெருவுல ஒரு குடம் தண்ணிக்காக அடிச்சுக்கிட்டாங்க. அடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். இன்னொரு தடவை அந்த ஆளா இருக்க எனக்குத் தெம்பில்லை."

ஐந்துக்கு இரண்டு என்று மனுத் தோற்றது.

எல்லாரும் எழுந்திருக்கும் சமயத்தில் அஞ்சுகம் வாயைத் திறந்தாள். உரக்கக்கூடப் பேசவில்லை.

"அது ஞாயித்துக்கெழமைங்க."

காளத்தியப்பன் நின்றார். "மத்த ஆறு நாள்?" என்று கேட்டார்.

அந்த ஆறு நாட்களில் சொல்வதற்கு என்ன இருந்தது? யாரும் அடிக்கவில்லை, யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஒரு பிள்ளை தூங்குகிறது. அவ்வளவுதான். அதை எப்படி மன்றத்தில் சொல்வது?

வெளியே வந்ததும் நூருன்னிசா அவளைத் தனியே அழைத்தாள். ஒரு திங்களுக்குள் மனுதாரர் இன்னும் ஒரு நாளைத் துணைச் சான்றாகத் தரலாம் என்று விதியில் இடமுண்டு என்றாள். நாள் முழுதும் பட்டை இருக்க வேண்டும், இடையில் கழற்றினால் செல்லாது. ஊர்க்காரரின் நாளைப் பதிவு செய்தபோதும் இப்படித்தான் நடந்ததாம். அந்த வீட்டம்மாள் பட்டைக்காகத் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்துக் காட்டினாராம்.

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும் அக்கா. சொல்லக் கூடாதுன்னு விதி. விதியைப் பாத்துக்கிட்டு வாயை மூடிட்டு வந்துட்டேன்" என்றாள். அவள் முகம் சிறுத்திருந்தது.

இம்முறை அஞ்சுகம் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தாள். டெய்சியிடம் சொல்லவில்லை. பழைய சேலையைக் கட்டிக்கொண்டாள். மூன்று மணிக்கு எழுந்து நெற்றிப்பட்டையை அணிந்தவுடன், முதல் வேலையாக மகளைப் பார்த்தாள். வழக்கமாகப் பார்ப்பதுபோலத்தான். உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டாள். கால் சற்றே மடங்கியது. அதுதான் மகள் தாய்க்கு அன்றாடம் கொடுக்கும் விடை.

பிறகு ஆட்டோ. பிறகு ரயில், நின்றுகொண்டே. சன்னலுக்கு வெளியே இருட்டு நெளிந்து நெளிந்து சாம்பலாயிற்று. ஊர்வாயிற் பலகையில் பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநான்கு என்று இருந்தது. மதகடியில் சேந்திய முதல் மிடறு குளிர்ந்து, சற்றே பாசி மணத்தோடு, நாவின் ஓரத்தில் கல்லின் ருசியோடு இறங்கியது. உப்பு இல்லை. அவள் தலையசைத்ததும் தண்ணீர் ஊருக்குள் ஓடிற்று. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. குளிக்கும் ஓசைகள் ஏரிமேல் மிதந்து வந்தன. அதற்குப் பின் அந்தப் பன்னிரண்டு மணி நேரம். கொட்டகையின் கூரையிலிருந்து ஒரு வெயிற்காசு தரையில் விழுந்து, மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு நகர்ந்து போய்ச் சேரும்வரை அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனவு காண்பவர்களும் பார்க்கட்டும். மாலைத் திறப்பு முடிந்து, மறுபடி வேன், மறுபடி ரயில், மறுபடி ஆட்டோ.

வீட்டை நெருங்கும்போதே அவள் நடையை எட்டிப் போட்டாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கதவைத் தள்ளினாள். பருத்தி நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை, முகம் நிறைய பவுடர். தூக்கத்தோடு மல்லுக்கட்டிக் கண்கள் சிவந்திருந்தன. முனிரத்தினம் குற்றவாளிபோல் மூலையில் நின்றான்.

"எவ்ளோ சொல்லியும் படுக்க மாட்டேன்னுட்டா. விருந்தாளிங்க வராங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க."

"யாரோ இல்ல, நீதாம்பா சொன்ன" என்றாள் பருத்தி.

எல்லாம் போயிற்று. காட்ட வந்ததே உறங்கும் பிள்ளையைத்தான். இப்போது எழுவரும் மறுபடியும் கண்டு மகிழப்போவது சிங்காரித்து விழித்திருக்கும் ஒரு பிள்ளையை. இன்னொரு ஞாயிறு. அஞ்சுகத்தின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. கழற்றிவிட்டால் நாள் செல்லாது. செல்லாமற் போகட்டும், இன்னொரு நாள் கேட்டுப் பார்க்கலாம். தருவார்களோ, மாட்டார்களோ.

அதற்குள் பருத்தி ஓடிவந்து, குனிந்த தாயின் இரு கன்னங்களையும் பிடித்துக்கொண்டாள். தாயைப் பார்க்கவில்லை, தாயின் கண்ணுக்குள் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"வாங்க. எல்லாரும் வந்துட்டீங்களா? சாப்டீங்களா?"

விருந்தாளிகள் பதில் சொல்லவில்லை. அதை அவள் குறையாக எடுத்துக்கொள்ளவுமில்லை. ஒரு கொட்டாவியை விழுங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு உங்களுக்கோசரம் முழிச்சிகினு இருந்தேன். நாளைக்கு வந்தீங்கன்னா நான் தூங்கிகினு இருப்பேன். கோச்சிக்காதீங்க. எங்கம்மா வர்ற நேரத்துக்கு எனக்குத் தூக்கம் வந்துரும். தெனம் வந்துரும். எங்கம்மா கோச்சிக்காது. நீங்களும்..."

முடிக்கவில்லை. நின்றபடியே தலை சாய்ந்து தாயின் தோளில் விழுந்தது. கைகள் கன்னத்திலிருந்து நழுவின. மூச்சு, அஞ்சுகம் நன்றாக அறிந்த அந்த மூச்சாக மாறிற்று.

அஞ்சுகத்தின் கை நெற்றியிலிருந்து இறங்கியது. அவள் மகளைப் பாயில் கிடத்தினாள். தகரம் ஒழுகும் மூலை பக்கத்தில்தான் இருந்தது. இம்முறை பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பத்து நாள் கழித்து நூருன்னிசா மதகுக் கொட்டகைக்கு வந்தாள். துயிற்கூடத்தில் நடந்ததைச் சொன்னாள். ஒரு மணி நேரம் முடிந்து விளக்குப் போட்டபின்னும் எழுவரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம். விழித்துக்கொண்டுதான் கிடந்தார்களாம். மரகதவல்லி அம்மையார் தம் இரு கைகளையும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"எல்லை உயர்ந்துதாம்மா?" என்று அஞ்சுகம் கேட்டாள்.

"இல்லை அக்கா."

ஏரியின் கணக்கு ஏரியின் கணக்குத்தான் என்று காளத்தியப்பன் சொல்லிவிட்டார். அதில் அவருக்கு மாற்றமில்லை. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டாராம். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வர வேண்டும் என்று யார் முடிவு செய்தது? யாருக்கும் தெரியவில்லை. ஏரிக்கு அப்படி ஒரு தேவையில்லை; இயந்திரங்களுக்கும் இல்லை. பழைய ஏடுகளைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார்கள். அடியில் கையெழுத்து அவருடையதாகவே இருந்தது.

"'எனக்குப் பொழுது விடியறதுக்குள்ள குளிச்சுப் பழக்கம். அதனால எழுதியிருக்கேன்'னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார் அக்கா. நாப்பது வருஷமா ஊரே அவர் குளிக்கிற நேரத்துக்கு எந்திரிச்சிருக்கு."

இனித் தண்ணீர் காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டரை மணிக்கும் திறக்கப்படும். வெளியிலிருந்து வருவோர் எவருடைய வேலையும் ஒன்பதுக்கு முன் தொடங்கவோ நான்குக்குப் பின் நீளவோ கூடாது. செவிலியர்க்கு மட்டும் முறை வைத்து மாற்று. எழுவருள் ஐவர் ஒப்பினர்.

ஊர் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்துக்குப் புகார்கள் குவிந்தன. முந்தைய நாளே வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில் குளிப்பதாவது என்று சிலர் கொதித்தார்கள். இப்படிப் பிடித்து வைத்ததில் ஒரு குடும்பம் செலவழிக்கும் தண்ணீரே குறைந்துபோயிற்று என்பதை அவர்கள் பின்னால்தான் கவனித்தார்கள். டெய்சிக்கும் இத்தீர்ப்புப் பிடிக்கவில்லை. "வீடு கேட்டா கடிகாரத்த திருப்பி வெச்சி அனுப்பறாங்க. நல்லா இருக்குதுடி நாயம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆலங்கழியின் கூரைகள் இன்னும் ஒழுகின. தண்ணீர் லாரிக்கு வரிசை இன்னும் நின்றது. ஊர்வாயிற் பலகையில் அஞ்சுகம் இன்னும் இல்லை. முள்வெளியைப் பற்றிய மனுவை மறு ஆண்டு மீண்டும் எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அஞ்சுகமும் கையெழுத்திடுவதாகச் சொன்னாள்.

ஆனால் புதிய நேரத்தின் முதல் நாளில் அவள் காலை ஏழு மணிக்குப் பிறகு கிளம்பினாள். மாலை ஐந்தரைக்கு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வெளிச்சத்தில் தன் தெரு எந்த நிறத்தில் இருக்கும் என்பதையே வேலைநாளில் அவள் அறிந்திருக்கவில்லை. பொன்னும் புழுதியுமாக இருந்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் நுழைந்தாள்.

வீட்டில் பருத்தி இல்லை.

கழிமுகத்து மணலில் பிள்ளைகள் காலால் கோடு கிழித்துக் கிளித்தட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். புழுதி பொன்னாக எழுந்து அடங்கிற்று. நடுவில் பருத்தி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரையோ ஏமாற்றிவிட்டுப் பாய்ந்துகொண்டிருந்தாள். மகளால் இத்தனை வேகமாக ஓட முடியும் என்பது அஞ்சுகத்துக்குப் புதுச் செய்தி. அவளைத் தொட வந்தவனை, "போடா கொசு" என்று அவள் திட்டியதும் புதிது.

"பருத்தி" என்று கூப்பிட்டாள்.

மகள் திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஆனால் கோட்டை விட்டு நகரவில்லை.

"இரும்மா. ஆட்டம் முடியல."

அஞ்சுகம் நின்றாள். ஆட்டம் முடியவில்லை. ஒன்று முடிந்தால் உடனே அடுத்தது தொடங்கிற்று. இவ்வளவு தூரம் நடந்தேறியது இப்படி ஓரமாய் நிற்பதற்குத்தானா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, தானும் வரட்டுமா என்று கேட்டாள்.

பருத்தி யோசித்தாள். இரு பக்கமும் விரல்விட்டு எண்ணினாள்.

"அஞ்சுக்கு அஞ்சும்மா. ஆள் நெறஞ்சிபோச்சி."

சொல்லிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, மற்றப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தலையோடு தலை சேர்த்து ஏதோ பேசினாள். கொசு என்று திட்டப்பட்டவன் முதலில் முடியாது என்றான். பிறகு தோளைக் குலுக்கினான். பருத்தி நிமிர்ந்து தீர்ப்பைச் சொன்னாள்.

"ஒப்புக்குச் சப்பாணியா வரியா?"

எந்தத் தெருவிலும் பிள்ளைகள் ஆட்டத்துக்கு இந்த விதி உண்டு. ஒப்புக்குச் சப்பாணியை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அவளைத் தொட்டால் கணக்கில்லை. அவள் தொட்டாலும் கணக்கில்லை. ஆனால் எல்லாரோடும் ஓடலாம்.

"வரேன்" என்றாள் அஞ்சுகம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.